வஸ்து வாங்குமுன் யார் கையெழுத்து விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வஸ்து, அதாவது நிலமோ வீடோ, தேடுகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் விலைதான். மார்த்தாண்டத்தில் சென்ட் என்ன போகிறது, பாறசாலையில் என்ன போகிறது, எந்தப் பக்கம் பதிவுச் செலவு குறைவு, விழிஞ்ஞம் துறைமுகம் வந்த பிறகு எங்கே ஏறும். நான் வக்கீலும் இல்லை, புரோக்கரும் இல்லை. குழித்துறைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன், மலையாளம் வாசிக்கத் தெரியும், அதனால் சொந்தத்திலும் நட்பிலும் யாராவது வஸ்து வாங்கும்போது பழைய பிரமாணங்களை, அதாவது பத்திரங்களை, வாசித்துச் சொல்லக் கூப்பிடுவார்கள். அப்படிப் பல வருஷமாக வாசித்ததில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் பகுதியில் ஒரு வஸ்து பக்கத்து விலையைவிட நன்றாகக் குறைந்து கிடைக்கிறது என்றால், அதில் விழ வேண்டிய ஏதோ ஒரு கையெழுத்து இன்னும் விழவில்லை என்று வைத்துக்கொண்டு விசாரிக்க ஆரம்பியுங்கள். அது பெரும்பாலும் ஒரு பெண்ணின் கையெழுத்தாக இருக்கும்.

சந்தை நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விளவங்கோடு, கிள்ளியூர், கல்குளம் பக்கமெல்லாம் சென்னை மாதிரி மனைப்பிரிவுகள் குறைவு. தாத்தாவின் விளையை, அதாவது தோட்டத்தை, அப்பாமார் பிரித்து, அந்தப் பங்கை மக்கள் பிரித்து, கடைசியில் ஐந்து சென்ட், எட்டு சென்ட் என்று மிஞ்சுகிற துண்டுதான் விற்பனைக்கு வருகிறது. வாங்குகிற பணத்தில் பெரும்பங்கு வளைகுடாவில் சம்பாதித்தது. 2011-இல் கிலோவுக்கு 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்ப் பக்கம் இறங்கியபோது, குலசேகரம், அருமனைப் பக்கம் தோட்டத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் ரோட்டோரத்தைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்தார்கள். இப்போது இன்னொரு வகை சேர்ந்திருக்கிறது. வளைகுடாக்காரர்கள் கட்டிய பெரிய பெரிய வீடுகள், பிள்ளைகள் கனடா, ஆஸ்திரேலியா என்று போய்விட, பூட்டிக் கிடக்கின்றன. வயதான அம்மா போன பிறகு விற்பனைக்கு வருகின்றன. கட்டும்போது கொட்டிய பணத்தை யாரும் தருவதில்லை, வாங்குகிறவர் மண்ணுக்குத்தான் விலை சொல்கிறார்.

விழிஞ்ஞம் துறைமுகம் 2024 டிசம்பரில் வணிகச் செயல்பாட்டைத் தொடங்கியது, 2025 மே 2 அன்று பிரதமர் திறந்துவைத்தார். அதிலிருந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை மட்டுமில்லை, எல்லைக்கு இப்புறம் கொல்லங்கோடு வரைக்கும் எந்த வஸ்துவைக் காட்டினாலும் "விழிஞ்ஞம் வருதுல்ல" என்று விலையில் ஏற்றிச் சொல்கிறார்கள். நான்குவழிச் சாலைக்கும் அதே கதைதான். துறைமுகத்தாலும் சாலையாலும் சில இடங்களில் விலை ஏறும், மறுக்கவில்லை. ஆனால் ஒற்றையடி நடைபாதை உள்ள ஏழு சென்டுக்கு அதைச் சொல்லி விலை ஏற்றினால் கொடுக்காதீர்கள்.

பதிவுச் செலவில் இரண்டு மாநிலத்துக்கும் வித்தியாசம் உண்டு, பெரிதில்லை. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு வைக்கிற நில மதிப்பு) 33 சதவீதம் குறைத்து, கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்காக ஏற்றினார்கள். 2023 ஜூலையில் மதிப்பைப் பழையபடி ஆக்கி, கட்டணத்தை இரண்டாகக் குறைத்தார்கள். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை. கேரளத்தில் 8-உம் 2-உம் சேர்ந்து 10 சதவீதம், நம் வழிகாட்டி மதிப்பைப் போல அங்கே 2010 முதல் நியாயவிலை என்று ஒன்று உண்டு, 2023 ஏப்ரலில் அதை 20 சதவீதம் ஏற்றினார்கள். இங்கே மொத்தம் 9, அங்கே 10. 30 லட்ச ரூபாய் வஸ்துவில் இந்த ஒரு சதவீத வித்தியாசம் 30,000 ரூபாய். இதற்காக எல்லையின் எந்தப் பக்கம் வாழ்வது என்று முடிவு செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை, ஒரு பாகப்பிரிவினை வழக்கு வந்தால் வக்கீல் பீஸுக்கே அது காணாது.

சரி, பிரமாணத்துக்கு வருகிறேன். நம் தாலுக்காக்கள் 1956 நவம்பர் 1 வரைக்கும் தமிழ்நாட்டில் இல்லை. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும், செங்கோட்டையில் பெரும்பகுதியும் அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதனால் மூலப்பத்திரம் என்று போனால் மலையாள எழுத்தில், சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் முத்திரைத்தாளில், மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டில் எழுதிய காகிதத்தில்தான் போய் நிற்போம். கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும், சிங்கம் (ஆவணி) முதல் தனுவின் (மார்கழி) பாதி வரை உள்ள மாதங்கள் என்றால் 824.

போன மழைக்காலத்தில் ஒரு தம்பிக்காக அப்படி ஒரு காகிதத்தை விரித்தோம். கொல்லம் 1119, அதாவது 1943-44. மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டியிருந்தது. எல்லையாகத் தெற்கே தோடு (ஓடை), மேற்கே இன்னாருடைய விளை, வடக்கே நடைவழி என்று எழுதியிருந்தார்கள், அளவு ஏக்கரிலும் சென்டிலும். அந்தச் சர்வே எண் இப்போது இல்லை. மறுஅளவையில் வேறு எண்ணாகி, உட்பிரிவாகி, பட்டாவில் மூன்றாவது எண்ணாக நிற்கிறது. பழைய எண்ணும் புது எண்ணும் ஒரே மண்ணைத்தான் சொல்கின்றன என்று இணைத்துக் காட்டுகிற காகிதம் இல்லாமல் எவ்வளவு நீளச் சங்கிலியும் அந்த இடத்தில் அறுந்துவிடும். பக்கத்தில் இருந்த, அறுபது வருஷம் ஆதாரம் (பத்திரம்) எழுதின பாட்டா, அதாவது தாத்தா, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மக்ளே, இதில வாங்கினவனுக்கு பிள்ளைய எத்தன?"

ஐந்து என்று தம்பி சொன்னான். அடுத்த பத்திரத்தில், 1972-இல் எழுதின பாகப்பிரிவினையில், இருந்தது மூன்று பேர். மூன்று பேரும் ஆண்கள்.

நம் ஊரில் இது அசாதாரணமே இல்லை. "பெண்ணுக்குச் சீதனம் கொடுத்தாச்சு, அவளுக்கு இனி இதில என்ன" என்று சொல்லிப் பிரித்த ஆயிரக்கணக்கான பாகங்கள் நம் பக்கத்தில் இருக்கும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அப்பா உயில் எழுதாமல் இறந்தால், கல்யாணத்தில் நகை போட்டதோ பணம் கொடுத்ததோ மகளின் பங்கைத் தானாக அழித்துவிடாது. வாயால் "எனக்கு வேண்டாம்" என்று அவள் சொன்னாலும் போதாது, பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும், பழைய ஆட்கள் ஒழிமுறி என்பார்கள். அதுவும் அப்பா போன பிறகு எழுதியதாக இருக்க வேண்டும். அவர் இருக்கும்போதே, வரப்போகிற பங்கை இப்போதே விட்டுத்தருகிறேன் என்று மகளிடம் எழுதி வாங்கின காகிதத்தை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

கிறிஸ்தவக் குடும்பங்களின் கதையை நம் பகுதியில் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். திருவிதாங்கூரில் 1916-இல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், சில பிரிவினருக்கு விலக்கு கொடுத்துவிட்டு, மற்றவர்கள் வீட்டில் மகளுக்கு மகனின் பங்கில் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்று வைத்தது. மேரி ராய் என்ற கிறிஸ்தவப் பெண் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1986 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. 1951 ஏப்ரல் 1 முதலே அந்தப் பழைய சட்டம் செல்லாது, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று சொன்னார்கள். அந்தச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் வித்தியாசமில்லாமல் சமமாக. 1951-இல் நம் தாலுக்காக்களும் திருவிதாங்கூர்-கொச்சிக்குள்தான் இருந்தன. ஆகவே 1951-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்த ஒரு கிறிஸ்தவத் தகப்பனாரின் வஸ்து உங்களிடம் விற்பனைக்கு வந்தால், மகன்கள் மட்டும் எழுதிக் கொடுக்கிற கிரயம் முழுக் கிரயம் ஆகாது.

இந்துக் குடும்பங்களில் அப்பா சொந்தமாகச் சம்பாதித்ததில் 1956-லிருந்தே மகளுக்குச் சமபங்கு, மனைவிக்கும் இறந்தவருடைய தாய்க்கும் ஒவ்வொரு பங்கு. பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் அன்றைக்குக் கல்யாணமாகாத மகள்களுக்குக் கொடுத்தது, 2005-இல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது, அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்ட் 11 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்தோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முடிந்த பாகத்தை 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் கலைக்காது. தக்கலை, தேங்காய்ப்பட்டணம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் மகளுக்கு மகனின் பங்கில் பாதி. பங்கு பாதியென்றாலும் பத்திரத்தில் அவள் கையெழுத்து வேண்டும்.

என் அம்மா வழிச் சொந்தத்தில் ஒருவர் கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் வாங்கிய வஸ்துவில் நடந்ததைச் சொல்கிறேன். விற்றவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். பட்டா அவர்கள் பெயரில், தீர்வை ரசீது அவர்கள் பெயரில், வில்லங்கச் சான்று சுத்தம். விலையும் கொஞ்சம் குறைவு. வாங்கி, வீடு கட்டி, பால் காய்ச்சி, குடியேறின பிறகு எல்லைக்கு அப்புறம் கட்டிக் கொடுத்த அக்காவின் பிள்ளைகளிடமிருந்து நோட்டீஸ் வந்தது. அம்மாவின் பங்கு எங்கே என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. கூட்டு உரிமை உள்ளவர்களில் ஒருவர் மட்டும் அனுபவித்து வந்தார் என்பதாலேயே மற்றவருடைய உரிமை போய்விடாது, வருஷங்கள் ஓடியிருந்தாலும். அண்ணன் தம்பிகள் பணத்தைச் செலவழித்துவிட்டார்கள். கடைசியில் வாங்கினவர்தான் இரண்டாவது முறை பணம் கொடுத்து அந்தப் பிள்ளைகளிடம் விடுதலை எழுதி வாங்கினார். அந்த அக்கா உயிரோடு இருந்தபோது ஒரு நாள்கூட யாரும் அவளிடம் போய்க் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. பேருந்தில் அரை மணி நேரத் தூரம்.

ஆகவே வாரிசுச் சான்றைப் பாருங்கள், அதோடு நிறுத்த வேண்டாம். தாசில்தார் கொடுக்கிற சான்று, மனுப் போட்டவர் சொன்ன பெயர்களையும் உள்ளூர் விசாரணையையும் நம்பித்தான் வருகிறது. பக்கத்து வீட்டில் கேளுங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலின் குடும்பப் பதிவேட்டில் ஞானஸ்நானம் எடுத்த பிள்ளைகள் எல்லார் பெயரும் இருக்கும். இறந்துபோன மகள் இருந்தால் அவள் பிள்ளைகள், அவள் புருஷன் வரைக்கும் போங்கள். கேட்டால் விற்கிறவர்களுக்குக் கோபம் வரும், "எங்களை நம்பலையா" என்பார்கள். கோபப்பட்டால் படட்டும்.

விடுபட்ட இன்னொரு கையெழுத்து துபாயிலோ தோஹாவிலோ இருக்கும். பவர் பத்திரத்தில் விற்பது நம் ஊரில் சாதாரணம். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவரும் அத்தோடு முடிந்தது, அதனால்தான் அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் எழுதியது என்றால் அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். ஆளை வீடியோவில் கூப்பிட்டு முகம் பார்த்துப் பேசிவிடுங்கள். பவரையும் ஒப்பந்தத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு வஸ்து கைமாறிவிட்டது என்று நினைக்க முடியாது, பதிவான கிரயம்தான் உரிமையைத் தரும் என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வெளிநாட்டில் வாழ்கிறவரிடம் வாங்கும்போது வரி விஷயத்திலும் கவனம் வேண்டும். உள்ளூர்க்காரரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கினால் 1 சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டுவது பலருக்குத் தெரியும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் அந்த 50 லட்ச வரம்பும் கிடையாது, 1 சதவீதமும் கிடையாது, பிடிக்க வேண்டியது அதைவிட ரொம்ப அதிகம். பிடிக்காமல் விட்டால் கேள்வி வருவது வாங்கினவரிடம். குறைத்துப் பிடிக்கச் சான்று வாங்கித் தர வேண்டியது விற்பவர், அதை முன்பணம் கொடுக்குமுன்பே பேசுங்கள். மறுபக்கம், வெளிநாட்டில் இருக்கிற நம் பையன்கள் இங்கே வீடு, வீட்டுமனை வாங்கலாம். விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ரப்பர் தோட்டத்தைக் காட்டி அட்வான்ஸ் வாங்குகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

மண்ணைப் பற்றியும் பார்க்க வேண்டும். கேரளப் பக்கம் வாங்குகிறவர்கள் ஆதாரத்திலும் கரம் (நிலவரி) அடைத்த ரசீதிலும் வகை என்ன என்று முதலில் பாருங்கள். புரயிடம் (வீடு கட்டத் தகுந்த மேட்டு மண்) என்றிருந்தால் சரி. நிலம் என்று போட்டிருந்தால் அது நெல்வயல் கணக்கு, 2008-ஆம் ஆண்டு நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்து நிற்கும். கண்ணுக்குத் தெரிவது தென்னையும் வாழையும்தான், வயலே இல்லையே என்று சொல்வார்கள். நெல்வயல்களின் அரசுப் பட்டியலான டேட்டா பேங்கில் ஏறியிருக்கிறதா என்று கிருஷி பவனில், அதாவது அங்குள்ள வேளாண் அலுவலகத்தில், கேட்க வேண்டும். ஏறியிருந்தால் அதை நீக்க 5-ஆம் படிவம், ஏறாத நிலத்தை வகை மாற்ற 6-ஆம் படிவம், இரண்டும் இழுத்தடிக்கிற வேலை, முடிவு உங்கள் கையில் இல்லை. அந்த வேலையை விற்பவர் முடித்துத் தந்த பிறகு கிரயம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வாங்கின பிறகு போக்குவரவு (வருவாய்க் கணக்கில் பெயர் மாற்றம்) செய்து உங்கள் பெயரில் தண்டப்பேர் எண் (நிலவரிக் கணக்கு எண்) வந்து, உங்கள் பெயரில் ஒரு தடவை கரம் அடைத்தால்தான் வேலை முடிந்தது.

இந்தப் பக்கம் நாஞ்சில் நாட்டு வயல்களை மண்ணடித்து மனையாக்கியதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, பிறகு 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்த மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அதற்குப் பின் பிரித்ததை, அனுமதி இல்லாமல், யார் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள். மலையடிவாரக் கிராமங்களில் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் ஊர் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வீடு கட்ட அந்த அனுமதியும் வேண்டும். கோயில் நிலம் என்றால் அறநிலையத்துறை ஆணையர் அனுமதியில்லாமல் விற்றது செல்லாது. பழைய பத்திரத்தில் ஸ்ரீபண்டாரவகை (ஸ்ரீபத்மநாப சுவாமி கோயில் வகை நிலம்) என்று கண்டால் பயந்து ஓட வேண்டியதில்லை. 1964-இல் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டு ரயத்துவாரியாக, அதாவது சாதாரணப் பட்டா நிலமாக, மாற்றினார்கள், அப்படி மாறிப் பட்டா வந்ததற்கான காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நம் ஊருக்கென்று தனியாக ஒரு தலைவலி உண்டென்றால் அது வழி. தோடும் மேடும் பள்ளமுமான மண், உள்ளே உள்ளே வீடுகள். பிரிக்கும்போது அண்ணன் தம்பிக்குள் "நடந்து போய்க்கோ" என்று விட்ட மூன்றடிப் பாதையை நம்பி வாங்குகிறார்கள். அடுத்த தலைமுறை வேலி போடுகிறது. கார் போகும் வழி என்று புரோக்கர் காட்டினால் அந்த வழி யாருடைய சர்வே எண்ணில் வருகிறது, அவர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா, எத்தனை அடி அகலம், எங்கிருந்து எங்கே வரை என்று பத்திரத்தின் சொத்து விவரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வழிக்குச் சொந்தக்காரரையும் பத்திரத்துக்குள் கொண்டுவாருங்கள், கொஞ்சம் பணம் கொடுத்தாவது. வழி இல்லாத எட்டு சென்டுக்கு வீடு கட்டும் அனுமதியும் கிடைப்பது கஷ்டம், வங்கிக் கடனும் கஷ்டம். தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று முறையில் உடனே அனுமதி தருகிறார்கள். நல்ல காரியம்தான், ஆனால் அதற்கும் பாதை வேண்டும்.

"ரெஜிஸ்டிரார் ஆபீஸில் பதிந்துவிட்டார்களே, அப்புறம் என்ன" என்பது நான் அடிக்கடி கேட்கிற பேச்சு. தமிழ்நாட்டின் பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒன்றைக் கொண்டுவந்து, முன்பத்திரத்தின் அசலைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று வைத்திருந்தார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்கிற வேலையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பதிவாளருக்குக் கொடுக்கவில்லை என்பது காரணம். விதிகள் மாறி மாறி வரும், உரிமையைப் பார்ப்பது நம் பொறுப்பாகத்தான் இருக்கும். வில்லங்கச் சான்று பதிவானதைத்தான் காட்டும். பதியாத உயில் அதில் வராது, நடக்கிற வழக்கு வராமல் போகலாம், எழுதப்படாத அக்காவின் பங்கு வரவே வராது. வழக்கு இருக்கிறதா என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள், பெயரை இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். பெற்றோர் மகனுக்கு எழுதிக் கொடுத்த தானசெட்டில்மென்ட் வழியாக வந்த வீடு என்றால் அந்தப் பெற்றோரைப் போய்ப் பாருங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, மகன் கைவிட்டிருந்தால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் அதை ரத்துசெய்ய வழியுண்டு.

பணத்துக்கு வந்தால், அட்வான்ஸைக் கையில் கொடுக்காதீர்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், அந்தப் பணத்தை வாங்கிய விற்பவருக்கு அதே அளவு அபராதம் வரலாம் என்று வருமான வரிச் சட்டத்தில் 2015 முதல் இருக்கிறது. தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பர் முதல் கட்டாயம். பதியாமல் முத்திரைத்தாளில் மட்டும் எழுதிக்கொள்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. விலையைக் குறைத்துப் போட்டுப் பதிவதும் அப்படித்தான், நாளைக்கு உரிமையில் சிக்கல் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டால் பத்திரத்தில் போட்ட தொகையைத்தான் காட்ட முடியும், விற்கும்போது லாபமும் அந்தக் குறைந்த தொகையிலிருந்து கணக்காகி வரி கூடும்.

திருவனந்தபுரத்தில் பிள்ளைகளுக்கென்று பிளாட் வாங்குகிறவர்களுக்கு இரண்டு வரி. 500 சதுர மீட்டரைத் தாண்டிய நிலம் அல்லது எட்டுக்கு மேல் வீடு என்றால் திட்டம் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும், கேரளத்துக்குத் தனி ஆணையம், தமிழ்நாட்டுக்குத் தனி. ஒப்பந்தம் பதிவாகுமுன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக்கூடாது, ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும்.

விற்கிறவர்களும் ஏமாறுகிறார்கள், அதிலும் வயதானவர்கள். முழுப் பணம் கணக்கில் ஏறுமுன் அசல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள், சாவியைக் கொடுக்காதீர்கள், "சும்மா வசதிக்கு" என்று புரோக்கர் பெயரில் பவர் எழுதாதீர்கள். ஒப்பந்தத்தில் காலக்கெடுவைத் தெளிவாகப் போடுங்கள், சின்ன அட்வான்ஸை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வஸ்துவைக் கட்டிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய பூர்வீக வஸ்துவுக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியது என்றால் 12.5 சதவீதமா, பணவீக்கம் கழித்து 20 சதவீதமா, எது குறைவாக வருகிறதோ அதை இங்கேயே வசிக்கிறவர்கள் தேர்ந்தெடுக்கலாம். விற்ற பிறகு ஆடிட்டரிடம் ஓடுவதைவிட விலை பேசும்போதே போய்விடுவது நல்லது.

கடைசியாக, கட்டிக் கொடுத்த வீட்டிலிருந்து கையெழுத்துக்காக அழைத்துவரப்படுகிற அக்காமார், தங்கச்சிமார் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கு. காரை அனுப்பி, மத்தியானம் சாப்பாடு போட்டு, "ஒரு சின்னக் கையெழுத்து" என்று ஆபீஸுக்குக் கூட்டிப் போவார்கள். போகுமுன் பத்திரத்தின் நகலை வாங்கி வீட்டில் வைத்து யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். அது கிரயமா, விடுதலையா, பவரா என்று தெரிந்துகொள்ளுங்கள். வஸ்து என்ன விலைக்குப் போகிறது, உங்கள் பங்கு எவ்வளவு என்று வாய்விட்டுக் கேளுங்கள். எல்லாம் தெரிந்து, உடன்பிறந்தவனுக்கு விட்டுக்கொடுக்க மனசிருந்தால் கொடுங்கள், அது உங்கள் இஷ்டம். பணம் பத்திரத்தில் எழுதியிருந்தால் அது உங்கள் கணக்கில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஆலோசனை கேட்க ஆள் இல்லையென்றால் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போகலாம், நீதிமன்ற வளாகங்களில் வட்டச் சட்டப்பணிகள் குழு இருக்கும், போனில் 15100. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது, அண்ணன் பெரிய பணக்காரனாக இருந்தாலும் உங்களுக்கு வக்கீல் வைத்துத் தருவார்கள்.